சென்னைப் பல்கலைக்கழக செனட் இல்லமும் சித்தூர் வட்டாரமும்

முன்னுரை

பல்கலைக்கழகக் கட்டடங்களின் வரலாறு பெரும்பாலும் கட்டடக்கலை வரலாறாகவே எழுதப்பெற்று வந்துள்ளது. அவற்றின் எல்லைக்குட்பட்ட மக்களின் கல்வி வரலாறும் அவற்றோடு பிணைந்ததாகும். இந்நோக்கில், சென்னைக் கடற்கரைச் சாலையிலுள்ள செனட் இல்லத்திற்கும் சித்தூர், திருப்பதிப் பகுதிக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கட்டடத்தின் தோற்றம்

1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் பாடம் கற்பிக்கவில்லை. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. எனவே அதற்கு முதலில் தேவைப்பட்டது வகுப்பறையன்று, மண்டபமே ஆகும். இராபர்ட் சிஷோம் வகுத்த திட்டப்படி 1874 முதல் 1879 வரை செனட் இல்லம் கட்டப்பெற்றது. அருகிலுள்ள சேப்பாக்கம் அரண்மனையோடு இயையும் இந்தோ-சாரசனிக் பாணியை அவர் கையாண்டார். மூலைகளில் குவிமாடம் தாங்கிய கோபுரங்களும், நடுவே உயர்ந்த பெருமண்டபமும், வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் இதன் சிறப்புக் கூறுகளாகும். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றமும் இங்குக் கூடியது. தமிழ், தெலுங்குப் பகுதிகளின் உறுப்பினர்கள் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர்.

சித்தூர் வட்டாரத் தொடர்பு

சித்தூர் மாவட்டம் 1911இல் சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பெற்றது. சித்தூரையடுத்த கட்டமஞ்சியைச் சேர்ந்த இராமலிங்க ரெட்டியும், திருத்தணியில் பிறந்து திருப்பதியில் பள்ளிக்கல்வி பெற்ற இராதாகிருஷ்ணனும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர்கள். 1926இல் தோன்றிய ஆந்திரப் பல்கலைக்கழகத்திற்கு முதல் துணைவேந்தரானவர் ரெட்டி. 1931இல் அவரையடுத்து அப்பொறுப்பை ஏற்றவர் இராதாகிருஷ்ணன். சென்னைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய அறிஞர்களே ஆந்திரத்தின் புதிய பல்கலைக்கழகத்தை வழிநடத்தினர் என்பது கருதத்தக்கது.

1945இல் திருப்பதியில் தொடங்கப்பெற்ற திருவேங்கடவன் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பெற்றிருந்தது. 1953இல் சித்தூர் மாவட்டம் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே திருப்பதியில் திருவேங்கடவன் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. தேவஸ்தானம் 1939இல் தொடங்கிய கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1956இல் அதனோடு இணைந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது.

முடிவுரை

மாவட்டங்களையும் வட்டங்களையும் பிரித்தளிக்கலாம். கல்வி மரபை அவ்வாறு பங்கிட இயலாது. திருப்பதி வளாகத்தின் முன்வரலாறு சென்னைக் கடற்கரையில் தொடங்குகிறது. செனட் இல்லத்தைத் தமிழகத்தின் சின்னமாக மட்டுமே கருதின் அதன் வரலாறு குறைவுபடும். அதனை விலக்கித் திருப்பதியின் கல்வி வரலாற்றை எழுதினும் அது முழுமை பெறாது. இருமாநில ஆய்வாளரும் ஒருங்கே ஈடுபட வேண்டிய களம் இது.