ஜோர்டான் பட்டத்து இளவரசர்

ஜோர்டானில் அரசருக்கு அடுத்து அரியணை ஏறும் உரிமை பெற்றவர். முகம்மது நபியின் வழித்தோன்றல்களாக அறியப்படும் ஹாஷிமியக் குடும்பத்துக்கு உரிய பதவி இது. அரசர் வெளிநாடு செல்லும்போது பெரும்பாலும் இவரே அவருக்குப் பதிலாகப் பொறுப்பேற்பார்.

1921இல் அப்துல்லாவின் கீழ் உருவான அமீரகம் 1946இல் முடியரசாயிற்று. வாரிசுரிமை முதன்முதலாகச் சோதனைக்கு உள்ளானது 1951 ஜூலை 20 அன்று. ஜெருசலேமின் அல்-அக்சா பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் சென்ற அப்துல்லா, வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடன் சென்ற பேரன் உசேனுக்கு அப்போது வயது 15. அவர்மீதும் துப்பாக்கி திரும்பியது. சீருடையில் அணிந்திருந்த பதக்கத்தில் பட்டுக் குண்டு விலகிற்று. சீருடை அணிந்துவரச் சொன்னவர் தாத்தாவே என்று உசேன் பின்னாளில் எழுதினார்.

அப்துல்லாவின் மூத்த மகனும் உசேனின் தந்தையுமான தலால் அப்போது சுவிட்சர்லாந்தில் சிகிச்சையில் இருந்ததால், இளையவர் நாயிஃப் பொறுப்பு ஆட்சியாளரானார். அவரையே அரசராக்கும் முயற்சி எவ்வளவு தூரம் சென்றது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. செப்டம்பரில் தலால் முடிசூடினார். இன்றும் நடைமுறையிலுள்ள அரசியலமைப்பு 1952 ஜனவரியில், அவரது குறுகிய ஆட்சியில்தான் பிறந்தது. அதன் 28ஆம் பிரிவின்படி பட்டம் மூத்த மகனுக்கும், அவர் முன்னரே இறந்திருந்தால் அவருடைய மூத்த மகனுக்கும் செல்லும். அரியணை ஏறுபவர் முஸ்லிமாகவும் மனநலம் உடையவராகவும் இருக்க வேண்டும்.

அந்த மனநல விதிக்கு முதலில் ஆட்பட்டவர் தலாலே. மருத்துவ அறிக்கைகளின் அடிப்படையில் 1952 ஆகஸ்ட் 11 அன்று நாடாளுமன்றம் அவரை விலக்கியது. நோயின் தீவிரம் பற்றி மாற்றுக் கருத்துகளும் உள்ளன. உசேன் அப்போது தாயுடன் லொசான் நகர விடுதியொன்றில் தங்கியிருந்தார். பணியாள் கொண்டுவந்த உறையின் மேல் ‘மன்னர் உசேன்’ என்றிருந்ததைக் கண்டதுமே, பிரிக்காமலே செய்தி விளங்கிவிட்டதாக அவர் நினைவுகூர்ந்தார். ஆட்சிப் பொறுப்பேற்க 18 வயது நிரம்ப வேண்டும். இஸ்லாமிய நாட்காட்டிப்படி கணக்கிட்டதால், ஆங்கிலக் கணக்கில் பதினேழரை வயதில், 1953 மே 2 அன்று அவர் அதிகாரம் ஏற்றார். தந்தை தலால் 1972இல் இஸ்தான்புல்லில் காலமானார்.

உசேனுக்கு முதலில் வாரிசாக இருந்தவர் தம்பி முகம்மது. 1962இல் பிறந்த மகன் அப்துல்லா அவ்விடத்தைப் பெற்றார். கொலை முயற்சிகள் தொடர்ந்த அந்நாளில் குழந்தை வாரிசு ஆபத்து எனக் கருதி, உடன்பிறந்தாரையும் நியமிக்கலாம் என 1965இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. இளைய தம்பி ஹசன் பட்டத்து இளவரசரானார். ஏறத்தாழ 34 ஆண்டுகள் அப்பதவி வகித்த அவரை, 1999 ஜனவரியில் புற்றுநோய்ச் சிகிச்சையிலிருந்து திரும்பிய உசேன், மனக்குறைகள் நிறைந்த நீண்ட கடிதம் ஒன்றின் மூலம் நீக்கினார். ராணுவ விவகாரங்களில் ஹசன் தலையிட்டார் என்கிறது கடிதம். தம் மகன்வழிக்கே அரியணை சேர வேண்டும் என்ற விருப்பமே காரணம் என்போரும் உளர். பிப்ரவரி 7 அன்று உசேன் மறைய, அப்துல்லா அரசரானார்.

அவர் பட்டத்து இளவரசராக நியமித்த மாற்றாந்தாய்வழித் தம்பி ஹம்சா 2004இல் பட்டம் இழந்தார். 2009 முதல் அரசரின் மகன் உசேன் பட்டத்து இளவரசராக உள்ளார். 2023இல் மணந்த அவருக்கு அடுத்த ஆண்டு பிறந்த மகள் ஈமான், ஆண்வழி மரபு காரணமாக வாரிசு வரிசையில் இடம்பெறவில்லை.