உஹுரு: வருவதற்கு முன்பே வைத்த பெயர்

1961 அக்டோபர் 26. ஜோமோ கென்யாட்டாவுக்கு ஒரு மகன் பிறக்கிறான். சிறை, தடுப்புக்காவல் என்று கிட்டத்தட்ட ஒன்பது வருடம் அடைத்து வைத்திருந்த பிரிட்டிஷ் அரசு அவரை வெளியே விட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கென்யா விடுதலை பெறுவதற்கோ இன்னும் இரண்டு வருடம் பாக்கி. பிள்ளைக்கு உஹுரு என்று பெயர் வைத்தார்கள். சுவாஹிலியில் விடுதலை என்று அர்த்தம். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், மதிப்பு வந்து சேரும் முன்பே வேரியபிளை டிக்ளேர் செய்துவிட்டார்கள்.

சொல்லின் வேர் அரபி. 'ஹுர்' என்றால் அடிமையல்லாத ஆள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் அது 'ஹுரு' ஆயிற்று. முன்னால் ஓர் 'உ' சேர்த்தால் தன்மையைக் குறிக்கும் சொல் ஆகிவிடும். மோஜா என்றால் ஒன்று, உமோஜா என்றால் ஒற்றுமை. நம்ம 'மை' விகுதி பார்க்கிற வேலைதான், என்ன, அங்கே முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் அந்தக் கரை அடிமை வணிகக் கரை. சான்சிபாரில் அடிமைச் சந்தையை மூடியது 1873இல். அடிமைமுறையின் சட்ட அங்கீகாரம் போனது 1897இல். அப்போதும் அடிமைகளே நீதிமன்றம் போய் விடுதலை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? உரிமையாளர்களுக்கு! ஆக, உஹுரு அன்று தனி ஒருவர் மனுப்போட்டு வாங்கவேண்டிய விஷயம். 1950களில் அதே சொல்லைத்தான் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் மேடைக்குக் கீழே நின்று முழங்கினார்கள். இந்தத் தடவை ஒரு நாடு முழுக்க.

1963 டிசம்பர் 12இல் கென்யா விடுதலை பெற்றது. ஏழாவது ஆண்டு நிறைவன்று கென்யக் கடற்கரைக்கு அப்பாலிருந்த மேடையிலிருந்து நாசாவின் எக்ஸ்ரே செயற்கைக்கோள் ஒன்று கிளம்பியது. அதற்கும் உஹுரு என்றே பெயர்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜோமோவின் முதல் துணை ஜனாதிபதி ஒகிங்கா ஒடிங்கா 1966இல் பதவியை விட்டு விலகினார். மறு வருடம் வந்த அவரது சுயசரிதையின் தலைப்பு 'நாட் யெட் உஹுரு'. இன்னும் விடுதலை வரவில்லை.

அவர் மகன் ரைலா 2013 தேர்தலில் தோற்றது ஜோமோவின் அந்தப் பிள்ளை உஹுருவிடம்தான். 2017 தேர்தலை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மறுதேர்தலை ரைலா புறக்கணித்தார். 2018 மார்ச்சில் இருவரும் நைரோபியில் கைகுலுக்கிச் சமாதானமானார்கள். 2022இல் உஹுரு ஆதரித்த வேட்பாளர் ரைலா. அப்போதும் தோற்றார்.