உறி என்றால் என்ன, ஐயா?



நம் தமிழ்ப்பள்ளிகளில் பொங்கல் விழா என்றால் உறியடி இல்லாமல் நடப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளித் திடலில் கண்ணைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்ற நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, நாங்க அடிக்கிறது பானையைத்தானே? அப்புறம் ஏன் பானையடி என்று சொல்லாமல் உறியடி என்று சொல்றோம்? உறி என்றால் என்ன, ஐயா?"

நான் அண்ணாந்து பார்த்தேன். நீல நிற ராஃபியா கயிற்றால் கழுத்தில் முடிச்சுப் போடப்பட்டு, ஒரு பானை கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உறி எங்கேயும் இல்லை. இத்தனை ஆண்டுகள் ஒலிபெருக்கியில் உறியடி, உறியடி என்று அறிவித்துக்கொண்டிருந்த எனக்கும் அது அன்றுதான் உறைத்தது.

அவனுக்குச் சொன்ன விடையை இங்கும் சொல்லிவிடுகின்றேன். உறி என்பது கயிற்றால் பின்னிய ஒரு தூக்கு. அடியில் வளையம் போன்ற ஓர் இருக்கை. அதிலிருந்து மூன்று அல்லது நான்கு புரிகள் மேலெழுந்து ஒரே முடிச்சில் சேரும். அதனைக் கூரை விட்டத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். தயிர்ப்பானை, நெய்ச்சட்டி, மீந்த குழம்பு எல்லாம் பூனைக்கும் எலிக்கும் எறும்புக்கும் எட்டாமல் அதில் இருக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் காற்றோட்டமான பாதுகாப்புப் பெட்டி அதுதான். என் பாட்டியின் லயத்து வீட்டில் ஒன்று தொங்கியது. தென்னை நாரில் பாட்டியே முடைந்தது. அடுப்புப் புகையேறிக் கருத்துப் போயிருந்தது. அவர் காலமான பிறகு அது எங்கே போயிற்று என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரும் தேடவுமில்லை.

இந்த எளிய பொருளுக்கு ஒரு வியப்பான வரலாறு உண்டு. எகிப்து நாட்டின் செங்கடற் கரையில் குசெய்ர் அல் காதிம் என்றோர் இடம் இருக்கின்றது. உரோமர் காலத்தில் மயோஸ் ஹோர்மோஸ் எனப்பட்ட துறைமுகம் அது. அங்கு அகழாய்வு செய்த பிரிட்டிஷ் குழுவினருக்குத் தமிழ் பிராமி எழுத்துகள் பொறித்த பானையோடு ஒன்று கிடைத்தது. அது இந்தியாவில் செய்யப்பட்ட சேமிப்புக் கலத்தின் துண்டு என்று மண்பாண்ட அறிஞர் ரோபர்ட்டா டோம்பர் கண்டறிந்தார். அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதிலிருந்த எழுத்தைப் படித்தார். 2007ஆம் ஆண்டில் அச்செய்தி வெளிவந்தது. அதில் பொறித்திருந்தது "பானை ஒறி" என்னும் இரண்டே சொற்கள். உறியில் வைக்கும் பானை என்று பொருள். காலம் கி.மு. முதல் நூற்றாண்டு. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து சென்ற தமிழ்ச் சொற்களுள், நம் பள்ளித் திடலில் பொருள் தெரியாமல் நாம் கூவிக்கொண்டிருந்த அந்தச் சொல்லும் ஒன்று!

அதே துறைமுகத்தில் முன்னரே கிடைத்த பானையோடுகளில் கண்ணன், சாத்தன் என்னும் தமிழ்ப் பெயர்கள் காணப்பட்டன. தமிழகத்தில் கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த ஓடுகளிலும் பெயர்களே மிகுதி. 2014ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கீழடி அகழாய்வில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் வெளிப்பட்டதை நாளிதழ்களில் நீங்களும் படித்திருப்பீர்கள். நானும் வகுப்பில் பெருமையோடு சொல்லியிருக்கின்றேன். ஆனால், இவை யாருடைய பெயர்கள்? எழுத்தமைதி ஓட்டுக்கு ஓடு வேறுபடுவதைக் கொண்டு, பெரும்பாலும் இவை பானையை வைத்திருந்தவர்கள் கீறிய பெயர்கள், வனைந்தவர்களுடையவை அல்ல என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தன் பொருள் பிறர் பொருளோடு கலந்துவிடக்கூடாதே என்று உரிமையாளர் பெயர் எழுதிக்கொண்டார். இன்று நம் பிள்ளைகளின் உணவு டப்பாவில் தாய்மார்கள் பெயர் ஒட்டுவதைப் போலத்தான்.

வனைந்தவர் பெயரைத் தேடினால் கிடைப்பது மிகக் குறைவு. சங்கப் புலவர்களுள் வெண்ணிக்குயத்தியார் என்றொரு பெண்பாற் புலவர் இருக்கின்றார். கரிகாற் சோழனைப் பாடியவர். அவர் பாட்டு புறநானூற்றில் 66ஆம் பாடலாக உள்ளது. அவர் பெயரைச் சற்று உற்று நோக்குங்கள். வெண்ணி என்பது ஊர். குயத்தி என்பது குயவர் குலப் பெண் என்பதைக் குறிக்கும். இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது "ஆர்" விகுதி மட்டுமே. மன்னனையே பாடிய புலவருக்கு இந்நிலை என்றால், நாள்தோறும் சட்டி தட்டிக்கொண்டிருந்த மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. திருநீலகண்ட நாயனார் குயவர்தாம். ஆயினும் அடியார் என்பதால் அவரை நினைவில் வைத்திருக்கின்றோமே தவிர, நல்ல ஓடு வனைந்தார் என்பதற்காக அன்று.

பொற்கொல்லர் இதில் சற்றுப் பேறு பெற்றவர். நமக்கு அண்டையில், தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், குவான் லுக் பாட் என்னும் இடத்தில் ஓர் உரைகல் கிடைத்தது. பொன்னை உரைத்துப் பார்க்கும் சிறு கல். அதில் "பெரும்பதன் கல்" என்று தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என்பர். பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லருடைய கல் என்பது பொருள். தனியொரு கைவினைஞர் தம் கருவியோடு இக்கடலைக் கடந்து வந்ததற்கு அக்கல் சான்று. பொன்னோடு புழங்கியவருக்குத் தம் கருவியில் பெயர் எழுதும் வாய்ப்பு இருந்தது. மண்ணோடு புழங்கியவருக்கு அது வாய்த்ததாகத் தெரியவில்லை.

இனி, மலாயாவுக்குப் பெருங்கூட்டமாகத் தமிழர் வந்த காலத்திற்கு வருவோம். கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவிப் பயணத்தில் அனுப்புவதற்குத் தடை விதித்தது. இடைப்பட்ட காலத்தில் வந்திறங்கியவர்களிடம் தோட்டம் எதிர்பார்த்தது பால்மரம் சீவும் கையை. சக்கரம் சுழற்றும் கைக்குப் பெரட்டில் இடமில்லை. ஊரில் குயவருக்கு அறுவடைக் களத்தில் நெல் அளந்த வழக்கம் இருந்தது. இங்கே களமும் இல்லை, அளக்க நெல்லும் இல்லை. மாதச் சம்பளமும் தோட்டத்துக் கடைக் கணக்கும்தான் இருந்தன. அலுமினியப் பானையும் எனாமல் மங்கும் வந்தன. பால் டின்னுக்குப் பிடி வைத்துக் குவளையாக்கிக்கொண்டார்கள். பிற்பாடு எவர்சில்வர், அதன் பிறகு பிளாஸ்டிக். இதற்காக நான் நம் முன்னோரைக் குறை சொல்ல மாட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சோறாக்கிவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய தாய்க்கு, விழுந்தால் உடையாத பாத்திரம் ஒரு பெரிய ஆறுதல்.

இருந்தும் இந்நாட்டில் தமிழ்க் குயவர் தொழில் அற்றுப் போகவில்லை. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இன்றும் சக்கரத்தில் வனைகின்றார்கள். அவர்களைக் காப்பாற்றியது சமையலறை அன்று, சடங்கு. பொங்கலுக்குப் பானை, கார்த்திகைக்கு அகல், திருவிழாவுக்குத் தீச்சட்டி, இறுதி யாத்திரைக்குக் குடம். அன்றாடப் பொருளாக இருந்தபோது கைவிட்டோம். ஆண்டுக்கொரு முறை தேவைப்படும் பொருளானபோது தேடிப் போகின்றோம்.

மலாய் அண்டை வீட்டாருக்கும் இதே கதைதான். பேரா மாநிலத்தில், கோலகங்சார் நகருக்கு எதிரே ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சாயோங் கிராமத்தில் லாபு சாயோங் என்னும் கரிய நீர்க்குடத்தைச் செய்கின்றார்கள். லாபு என்றால் சுரைக்காய். குடத்தின் வடிவமும் அதுவே. நம்மவர் சுரைக்குடுக்கையில் நீர் எடுத்துச் சென்றதை எண்ணிப் பாருங்கள். சாயோங்கில் மரபாக இதைச் செய்தவர்கள் பெண்கள். சக்கரம் இல்லாமல் கையாலேயே உருவாக்கினார்கள். சுட்ட குடத்தைச் சூடு ஆறுமுன் உமிக்குள் புதைத்தால் புகையேறிக் கருநிறம் பெறும். சாயம் எதுவுமில்லை. நீரைக் குளிர்ச்சியாக வைத்திருந்த அக்குடமும் இன்று பெரும்பாலும் வரவேற்பறை அலமாரியில் அழகுக்கு நிற்கின்றது. அச்சில் வார்த்தும் செய்கின்றார்கள்.

தமிழ்க் குயவரின் செய்முறை வேறு. அதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவற்றினால்தான். சொல்லவே வெட்கமாக இருக்கின்றது. மேலே சொன்ன அதே விழாவில், உறியடிக்கு முன் பொங்கல் வைத்தோம். முந்தைய நாள் மாலையில் நானே வாங்கி வந்த புதுப்பானை. கற்களைக் கூட்டி, விறகை நிறைய அடுக்கி, ஏராளமான பெற்றோர் சூழ நிற்க, தீ மூட்டினோம். பால் பொங்குவதற்குச் சற்று முன் பானை "டப்" என்று விரிந்தது. பால் முழுவதும் நெருப்பில். ஒரு தாயார் முகம் வாடி, "என்ன சார், ஆண்டுத் தொடக்கத்திலேயே இப்படி அபசகுனமா!" என்றார். மாற்றுப் பானை இல்லாமல் சிற்றுண்டிச்சாலை எவர்சில்வர் குண்டானில் பொங்கலை முடித்தோம்.

மறுவாரம் கோபத்தோடு குயவர் பட்டறைக்குப் போனேன். எழுபதைத் தாண்டிய பெரியவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, கையை மண்ணிலிருந்து எடுக்காமலேயே கேட்டார்: "வாத்தியாரே, பானையப் பழக்குனீங்களா?"

நான் விழித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு முக்காலியைக் காலால் தள்ளி, "உக்காருங்க, பாருங்க" என்றார்.

சக்கரத்தில் எழும் பானைக்கு அடிப்பாகம் இருப்பதில்லை! அதை அன்றுதான் கண்டேன். வாயும் கழுத்தும் தோளும் முதலில் உருவாகும். நூலால் அறுத்து எடுக்கும்போது அடி திறந்தே இருக்கும். அதைப் பாதி உலரவிட்டு, மடியில் வைத்து, உள்ளே ஒரு வழவழப்பான உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டுகின்றார். தட்டத் தட்ட மண் மெலிந்து கீழே இறங்கி ஒன்றோடொன்று கூடிக்கொள்கின்றது. வட்டமான அடி அப்படித்தான் பிறக்கின்றது. பானை முழுவதும் ஒரே கனத்தில் இருப்பதற்காக அவர் கண்ணால் பார்ப்பதில்லை. தட்டும் ஓசையைக் கேட்கின்றார். கனமான இடத்தில் ஓசை மந்தமாக இருக்குமாம். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது.

"சுட்ட மண்ணுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும். அதுலதான் தண்ணி கசிஞ்சு குளிருது. அத அடைக்காம, எடுத்த எடுப்புல நெருப்ப ஏத்துனா எப்படித் தாங்கும்?" என்றார். பிறகு, "உங்க பாட்டிக்கு இது தெரிஞ்சிருக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் மகன் வெளியூரில் தொழிற்சாலை வேலையில் இருப்பதாகச் சொன்னார். அதைப் பற்றி நானும் மேலே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டவில்லை, அம்மாவைத்தான் கேட்டேன். பழக்குதல் என்னும் சொல்லைக் குழந்தைக்கும் மாட்டுக்கும் சொல்வதுபோலவே பானைக்கும் சொன்னார்கள் என்றார். புதுப்பானையை ஒரு நாள் முழுவதும் நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். மறுநாள் அரிசி கழுவிய நீரையோ கஞ்சியையோ ஊற்றி, சிறு தீயில் மெல்லச் சூடேற்றி, அடுப்பிலேயே ஆறவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் கஞ்சிப்பசை நுண்துளைகளை அடைக்கும். பிறகுதான் பெருந்தீ. சூடான பானையை ஈரத்தரையில் இறக்கக்கூடாது. பிரிமணையில் இறக்க வேண்டும். வெளியே வண்ணம் பூசிய பானையை வாங்குவோர், அது சமைப்பதற்கு உரியதா, அழகுக்கு உரியதா என்று வனைந்தவரிடமே கேட்டுவிடுவது நல்லது. பள்ளி விழாவுக்குப் பானை வாங்கும் பொறுப்பில் உள்ள ஆசிரியர்கள் குறைந்தது நான்கு நாள் முன்னதாக வாங்குங்கள். என்னைப் போல முந்தைய நாள் மாலையில் ஓடாதீர்கள்.

அடுத்த ஆண்டுப் பொங்கலுக்கு இரண்டு பானைகள் வாங்கினேன். ஒன்றை ஐந்தாம் ஆண்டு மாணவர்களே வகுப்பறைக்குப் பின்புறம் முறை வைத்துப் பழக்கினார்கள். பால் நன்றாகப் பொங்கியது. மற்றொன்று உறியடிக்கு. அதற்கான உறியை என் தாயார் முடைந்து தந்தார். எழுபத்து மூன்று வயதில், பாட்டி கைபார்த்துக் கற்றதை நினைவுபடுத்தி, இரண்டு முறை பிரித்துவிட்டு மூன்றாம் முறை சரியாகக் கட்டினார். தென்னை நார்க் கயிறு கடையில் கிடைக்க ஒரு வாரம் ஆயிற்று. முதல் ஆண்டு கேள்வி கேட்ட மாணவன்தான் அன்று பானையை உடைத்தான். ஓடுகள் சிதறின. உறி அறவில்லை. அதை இறக்கி, இப்போது பள்ளி நூலகச் சாளரத்தருகே தொங்கவிட்டிருக்கின்றோம். உள்ளே ஒரு சிறு மண்சட்டி, கீழே ஓர் அட்டையில் என் தாயார் பெயரும் பெரியவர் பெயரும். எழுதியவர்கள் மாணவர்கள்.