ரே சார்ல்ஸ்: இரண்டு இசைகளை இணைத்த குரல்

அமெரிக்காவில் ஒரு காலத்தில் இசைக்கும் நிறம் இருந்தது. சோல், ரிதம் அண்ட் புளூஸ் என்றால் கறுப்பர்களுடையது. கன்ட்ரி என்றால் வெள்ளையர்களுடையது. இசைத்தட்டுக் கடைகளும் வானொலி நிலையங்களும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தன. இந்தச் சுவரைத் தன் குரலால் உடைத்தவர் ரே சார்ல்ஸ்.

இளமைக் காலம்

ரே சார்ல்ஸ் ராபின்சன் 1930 செப்டம்பர் 23 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரில் பிறந்தார். வளர்ந்தது புளோரிடாவின் கிரீன்வில் என்ற சிற்றூரில். தாய் அரீத்தா துணி வெளுத்துப் பிழைத்தவர். அந்தத் துணி வெளுக்கும் தொட்டியிலேயே தம்பி ஜார்ஜ் மூழ்கி இறந்ததைச் சிறுவன் ரே கண்ணால் கண்டான். ஏழு வயதுக்குள் அந்தக் கண்களும் பார்வையை இழந்தன.

செயின்ட் அகஸ்டின் நகரில் காது கேளாதோர், பார்வையற்றோர் பள்ளியில் பிரெய்ல் முறையில் இசை கற்றார். பார்வையற்ற குழந்தைகளைக்கூட நிறம் பார்த்துத் தனித்தனியே வைத்திருந்த பள்ளி அது! சனிக்கிழமை இரவுகளில் வானொலியில் வரும் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' கன்ட்ரி இசை நிகழ்ச்சியை அவர் விரும்பிக் கேட்டார். 1945இல் தாயும் இறந்தார். அதன்பின் பிழைப்புக்காகப் பல குழுக்களில் பியானோ வாசித்தார். அவற்றில் ஒன்று வெள்ளையர்களின் கன்ட்ரி குழு.

சோல் இசையின் பிறப்பு

1952இல் அட்லாண்டிக் நிறுவனத்தில் சேர்ந்தார். 1954இல் பதிவான 'ஐ'வ் காட் எ வுமன்' பாடலில் தேவாலயப் பாட்டின் மெட்டோடு காதலைக் கலந்தார். கடவுளுக்குரிய இசையைக் கெடுத்துவிட்டார் என்று சிலர் கோபப்பட்டனர். ஆனால் சோல் இசை அங்கிருந்துதான் வளர்ந்தது.

1959இல் ஏபிசி-பாரமவுண்ட் நிறுவனத்துக்கு மாறினார். தன் பதிவுகளின் உரிமை தன்னிடமே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார். அன்று வெள்ளைக் கலைஞர்களுக்கே அரிதாகக் கிடைத்த உரிமை இது.

1961இல் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் அவர் நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. நடனத் தளம் வெள்ளையர்களுக்கு மட்டும், கறுப்பர்கள் மாடத்தில்தான் இருக்க வேண்டும் என்று மாணவர்கள் மூலம் அறிந்ததும் பாட மறுத்தார். நீதிமன்றம் அபராதம் விதித்தது. 2004இல் வந்த 'ரே' திரைப்படம், அவருக்கு ஜார்ஜியாவில் தடை விதிக்கப்பட்டதாகக் காட்டுகிறது. உண்மையில் தடை எதுவும் இல்லை. 1963இல் அதே அரங்கில், பிரிவினை இல்லாத கூட்டத்தின் முன் பாடினார்.

1962இன் அதிசயம்

புகழின் உச்சியில் இருந்தபோது கன்ட்ரி பாடல்களைப் பாடப் போவதாக அறிவித்தார். ரசிகர்களை இழக்க நேரிடும் என்று நிறுவனத்தார் அஞ்சினர். இழப்பதைவிடப் பெறுவது அதிகம் என்பது அவர் கணக்கு. 'மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்' தொகுப்பில் 12 பாடல்கள். வயலின்களும் பெரிய பித்தளை வாத்தியக் குழுவும் பின்னணி. தொகுப்பு 14 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. டான் கிப்சன் எழுதிய 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' பாடல் 5 வாரங்கள் நாட்டின் முதல் பாடலாக இருந்தது.

ஆனால் அதே பாடல் கன்ட்ரி தரவரிசையில் இடம்பெறவே இல்லை. பாடல் கன்ட்ரி, பாடியவரை மட்டும் அந்த உலகம் தன்னவராக ஏற்கவில்லை!

தாமதமாக வந்த அங்கீகாரம்

இடையில் ஹெராயின் பழக்கத்தால் கைதாகி, சிகிச்சை பெற்று மீண்டார். 1979இல் அவர் பாடிப் புகழ்பெற்ற 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' அம்மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பாடலானது. 1985இல் வில்லி நெல்சனுடன் பாடிய 'செவன் ஸ்பானிஷ் ஏஞ்சல்ஸ்' கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பெற்றது. 1962இல் மூடியிருந்த கதவு திறக்க 23 ஆண்டுகள் ஆயின.

2004 ஜூன் 10 அன்று அவர் காலமானார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்துக்கு அவர் தேர்வானது 2021இல்தான். அந்தக் கௌரவத்தைப் பெற்ற மூன்றாவது கறுப்பினக் கலைஞர் அவர். சனிக்கிழமை இரவுகளில் வானொலி கேட்ட அந்தச் சிறுவனுக்கு, தான் கேட்பது யாருடைய இசை என்ற கேள்வி எழுந்ததே இல்லை. அந்தக் கேள்வியை விட்டுவிட அவன் நாட்டுக்குத்தான் இத்தனை காலம் பிடித்தது.