மறதிநோய்க்கான நன்கொடை ஓட்டங்கள்

மறதிநோயால் பாதிக்கப்பட்ட உறவினரை முன்னிட்டு, அறிந்தவர்களிடம் நன்கொடை திரட்டி ஓடப்படும் நெடுந்தூர ஓட்டங்கள் மறதிநோய்க்கான நன்கொடை ஓட்டங்கள் ஆகும். பிரித்தானியாவில் இவை பரவலாக நடைபெறுகின்றன.

மறதிநோய் வகைகளுள் மிகுதியாகக் காணப்படும் ஆல்சைமர் நோயை 1906 இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர் விவரித்தார். எனினும் நோயாளியைப் பேணும் சுமை நெடுங்காலம் குடும்பங்களையே சார்ந்திருந்தது. 1979 இல் பிரித்தானியாவில் ஆல்சைமர் சங்கம் தோன்றியது. 1981 மார்ச் 29 அன்று முதலாவது இலண்டன் மாரத்தான் நடைபெற்றது. 42.195 கி.மீ. தொலைவுள்ள இந்த ஓட்டத்தில் தொண்டு நிறுவனங்களுக்கும் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவ்விடத்தைப் பெறுபவர் குறிப்பிட்ட தொகையைத் திரட்டித்தர ஒப்புக்கொள்கிறார்.

நடிகை பார்பரா வின்சருக்கு 2014 இல் ஆல்சைமர் நோய் கண்டறியப்பட்டது. பொதுமக்கள் அறியாதிருந்த இச்செய்தியை அவர் கணவர் ஸ்காட் மிட்செல் 2018 மே மாதத்தில் வெளியிட்டார். 2019 ஏப்ரல் 28 அன்று, ஈஸ்ட்எண்டர்ஸ் தொலைக்காட்சித் தொடரின் நடிகர்கள் சிலருடன் அவர் இலண்டன் மாரத்தானில் ஓடினார். ஆல்சைமர் சங்கமும் மற்றொரு ஆய்வு அறக்கட்டளையும் இணைந்து நடத்திய ‘மறதிநோய்ப் புரட்சி’ இயக்கமே அவ்வாண்டு மாரத்தானின் தொண்டுப் பங்காளி. மறதிநோய் ஆய்வுக்காகவே நிதி திரட்டப்பட்டது.

வின்சர் 2020 டிசம்பர் 10 அன்று, 83 ஆவது வயதில் காலமானார். ஆல்சைமர் நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆதலால் ஆய்வுக்கெனத் திரட்டப்படும் நிதி, யாருக்காக ஓடப்பட்டதோ அவருக்குப் பயன்படுவது அரிது. பின்வரும் நோயாளிகளுக்கே அது பயன்படக்கூடும். ஆயினும், வீட்டுக்குள் மறைக்கப்பட்ட நோயைப் பலரறியப் பேசுவதற்கு இவ்வோட்டங்கள் வழிவகுத்தன.