வரிசைச் சக்கரம் தெருவுக்கு வந்த கதை

1760களில் லண்டன் சோஹோ சதுக்கத்தில் இருந்த கார்லைல் ஹவுஸ் மாளிகையில் முகமூடி விருந்துகள் அமர்க்களமாக நடக்கும். ஓபரா பாடகி தெரசா கார்னெலிஸ் நடத்திய அந்த விருந்துகளுக்கு ஊரின் பெரிய மனிதர்கள் எல்லாரும் வருவார்கள். அப்படி ஒரு நாள், ஜான் ஜோசஃப் மெர்லின் என்ற கருவிக் கலைஞர் சக்கரம் வைத்த காலணியோடு வந்தார். கையில் வயலின். வாசித்தபடியே கூட்டத்தின் நடுவே உருண்டு போனார். வேகம் கூடியது. திரும்ப வழி இல்லை, நிற்கவும் வழி இல்லை. எதிரே 500 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள நிலைக்கண்ணாடி. நேராக அதில் போய் மோதினார். கண்ணாடி தூள்தூளானது, வயலின் உடைந்தது, அவருக்கும் பலத்த காயம். பல ஆண்டுகள் கழித்து தாமஸ் பஸ்பி என்ற இசை எழுத்தாளர் இதைப் பதிவு செய்துவைத்தார்.

சக்கரக் காலணியின் வரலாற்றை இந்த விருந்திலிருந்துதான் தொடங்குவது வழக்கம். அதற்கு நல்ல காரணம் உண்டு. எப்படித் திரும்புவது, எப்படி நிற்பது என்று அன்றைக்கு மெர்லினுக்கு விடை தெரியாமல் போன இரண்டு கேள்விகளைத்தான் அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொருவராக எடுத்துத் தீர்த்தார்கள். மூன்றாவதாக ஒரு கேள்வி பிறகு வந்து சேர்ந்தது: மாளிகைத் தரையை விட்டு மேடுபள்ளமான தெருவில் எப்படி ஓடுவது? இன்று உடற்பயிற்சிக்காக, சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ள இன்லைன் ஸ்கேட் வாங்கப் போகிறவருக்கு எதிரே இருப்பதும் இதே மூன்று கேள்விகள்தான்.

சக்கரங்களை ஒரே வரிசையில் கோப்பது புதிய யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் பழையது. பனிச்சறுக்குக் காலணியின் அடியில் இருப்பது ஒற்றைக் கத்தி. அதைத் தரைக்குக் கொண்டுவர நினைத்தவர்கள் கத்தி இருந்த இடத்தில் சக்கரங்களை வரிசையாக வைத்தார்கள். 1819ல் பாரிஸில் பெத்திப்ளெத் என்பவர் மூன்று சக்கரங்களை ஒரே வரிசையில் கோத்துக் காப்புரிமை பெற்றார். மரக் கட்டையின் அடியில் கட்டிய அந்தச் சக்கரங்கள் நேராகத்தான் ஓடின. 1823ல் லண்டனில் ராபர்ட் ஜான் டையர்ஸ் என்ற பழ வியாபாரி ஐந்து சக்கரம் வைத்தார். அவர் செய்த நுட்பம் அழகானது. நடுச் சக்கரம் மற்றவற்றை விடத் தாழ்ந்திருக்கும். உடம்பின் எடை அதன்மேல் நின்றால், காலைச் சற்றே திருப்பினாலே பாதை வளையும். நிற்பதற்கும் தனியாக ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மெர்லினின் இரண்டு கேள்விகளையும் கையில் எடுத்தவர் அவர்தான். ஆனாலும் ஊர் அதை ஏற்கவில்லை. சக்கரம் உலோகம் அல்லது மரம், தரையைப் பிடிக்காது. வரிசைச் சக்கரத்தில் திரும்ப வேண்டுமானால் உடம்பைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். பிடிப்பு இல்லாத சக்கரத்தில் சாய்ந்தால் கால் வழுக்கிக்கொண்டு போகும்.

1863ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் வேறு வழி கண்டார். அவர் மரச்சாமான் வியாபாரி. உடல்நலத்துக்காகப் பனிச்சறுக்கு பழகியவர். கோடையிலும் பயிற்சி தொடர வேண்டும் என்று விரும்பினார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு எனச் சக்கரங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, இடையில் ரப்பர் மெத்தை கொடுத்தார். ஒரு பக்கம் சாய்ந்தால் அச்சே அந்தப் பக்கம் திரும்பும். நான்கு சக்கரமும் தரையிலேயே இருக்கும். திரும்புவது எப்படி என்ற கேள்வி அதோடு முடிந்தது. ஊர் ஊராக ஸ்கேட்டிங் அரங்குகள் எழுந்தன. வழவழப்பான மரத் தரை, இசை, வட்டமாகச் சுற்றும் கூட்டம். அந்தக் கோலாகலத்தில் வரிசைச் சக்கரத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. நூறு ஆண்டுக்கும் மேல் அது ஓரத்தில் கிடந்தது.

அதை எழுப்பியது ஒரு பிளாஸ்டிக். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற அமெரிக்க இளைஞர் பாலியூரிதேன் சக்கரங்களை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்தார். கையில் அழுத்தினால் ரப்பர் போலக் கொஞ்சம் இசையும், தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். சிறு கல் குறுக்கே வந்தால் உலோகச் சக்கரம் அங்கேயே சிக்கி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். இது அமுங்கி ஏறிப் போய்விடும். எல்லாவற்றையும் விட, சாய்ந்தாலும் தரையை விடாது. டையர்ஸுக்குக் கிடைக்காத பிடிப்பு இதுதான்.

கதை இப்போது மினசோட்டாவுக்குப் போகிறது. ஏரிகள் பனிக்காலத்தில் உறைந்து விளையாட்டுத் திடலாக மாறும் மாநிலம் அது. பனி உருகினால் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களுக்குக் கால் சும்மா இருக்க வேண்டியதுதான். ஸ்காட் ஓல்சன் அப்படி ஓர் ஆட்டக்காரர், வயது இருபதை ஒட்டி. 1980 வாக்கில் மினியாபொலிஸின் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் பழைய வரிசைச் சக்கர ஸ்கேட் ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஹாக்கி பயிற்சிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியது. அவரும் தம்பி பிரென்னனும் வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்கள். கணுக்காலை இறுகப் பிடிக்கும் ஹாக்கி பூட், அடியில் சட்டம், சட்டத்தில் பாலியூரிதேன் சக்கரங்கள், பின்னால் ரப்பர் பிரேக். சிகாகோ நிறுவனம் ஒன்றின் பழைய காப்புரிமையையும் ஓல்சன் வாங்கிக்கொண்டார். ரோலர்பிளேட் என்ற பெயர் அப்படிப் பிறந்தது. பிறகு அந்தப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது.

முதல் ஜோடிகளில் குறை நிறைய இருந்தது. பேரிங்கில் தூசியும் ஈரமும் ஏறின, சக்கரம் சீக்கிரம் கெட்டது, பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. அரங்கின் மரத் தரையில் இந்தத் தொந்தரவுகள் அவ்வளவு தெரிந்திருக்காது. தெரு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. 1980களின் நடுவில் ஓல்சனின் கம்பெனி கை மாறியது. அடுத்து வந்த ஸ்கேட்டுகளில் இந்தக் குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். ஹாக்கிக்காரர்களின் கோடைக்காலக் கருவி, அலுவலகம் முடிந்து பூங்காச் சாலையில் வியர்க்க ஓடுகிறவர்களின் கருவியானது. 1990களில் பிரேக்குக்கே ஒரு புது வழி வந்தது: காலை முன்னே நீட்டினால் கணுக்கால் பட்டை பின்னால் சாயும், அதோடு இணைந்த தண்டு பிரேக்கைத் தரையில் அழுத்தும், எட்டுச் சக்கரமும் தரையை விடாது. பாரிஸில் வெள்ளிக்கிழமை இரவுகளில் பெருங்கூட்டம் ஒன்று இன்லைன் ஸ்கேட்டில் நகரத்தைச் சுற்றத் தொடங்கியது. காவலுக்கு வந்த போலீசாரும் ஸ்கேட் கட்டிக்கொண்டு வந்தார்கள். 2025ல் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் நம் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வென்றதும் இதே வரிசைச் சக்கரத்தில்தான்.

இந்தக் கதை தெரிந்தவர் கடைக்குப் போனால், ஸ்கேட்டை வேறு கண்ணோடு பார்ப்பார். பளபளப்பான கடைத் தரை அன்றைய அரங்குத் தரை போன்றது. அதில் எந்த ஸ்கேட்டும் நன்றாகத்தான் ஓடும். விரலால் சுண்டிச் சக்கரம் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பதிலும் பயன் இல்லை, மேலே ஆள் எடை இல்லையே. மனதில் வைக்க வேண்டியது நாம் ஓடப்போகும் சாலையை.

சாலையில் விரிசலும் சிறு கல்லும் இருந்தால் பெரிய சக்கரம் எளிதாகத் தாண்டும், பிடித்த வேகத்தையும் விடாது. ஆனால் சக்கரம் பெரிதாக ஆக, ஆள் தரையிலிருந்து உயர்கிறார். கணுக்காலுக்கு வேலை கூடுகிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு 80 மில்லிமீட்டரில் நான்கு சக்கரம் நல்ல நடுவழி. கால் தேறிய பிறகு 90, மூன்று சக்கரமாக 110 என்று ஏறலாம். சக்கரத்தின் மேல் 82A, 85A என்று அச்சிட்டிருக்கும். எண் குறைந்தால் மென்மை. சொரசொரப்பான தார்ச் சாலையின் அதிர்வை வாங்கிக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் தேயும். எண் கூடினால் அதற்கு நேர்மாறு. பேரிங்கில் வரும் ஏபெக் எண், அது எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை விட, தூசியும் தண்ணீரும் பேரிங்கில் ஏறாமல் பார்த்துக்கொள்வது மேல்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பூட். நடை ஷூவின் எண்ணை நம்ப வேண்டாம். பாதத்தைச் சுவரோடு சேர்த்து வைத்து நீளத்தை அளந்துகொண்டு போங்கள், மாலையில் அளந்தால் இன்னும் சரி. கடையில் மெல்லிய காலுறையோடு மாட்டி, குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார்த்தி, லேஸையும் பக்கிளையும் இறுக்கி எழுந்து நில்லுங்கள். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் அந்தத் தொடுகை விலக வேண்டும். அப்போது குதிகால் மேலே எழும்பினால் அந்த பூட் உங்களுக்குப் பெரிது. பத்து நிமிடம் கழற்றாமல் நில்லுங்கள். எங்காவது ஒரே இடத்தில் குத்தினால், சாலையில் ஒரு கிலோமீட்டருக்குள் அது கொப்புளமாகும்.

பிரேக் இல்லாத ஸ்கேட்டைத் தொடக்கத்தில் வாங்கவே வேண்டாம். பிரேக் உள்ள காலை முன்னே நீட்டி, நுனியைத் தூக்கி, குதிகாலை அழுத்தி நிற்பதை ஆளில்லாத இடத்தில் நூறு முறை பழகிய பிறகு தெருவுக்கு வாருங்கள். விழும்போது யாருக்கும் கைதான் முதலில் நீளும். அதனால் ஹெல்மெட், முழங்கால் பட்டையோடு மணிக்கட்டுக் கவசத்தையும் ஸ்கேட் வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள்.

சில வாரம் ஓடிய பிறகு ஒரு நாள் உட்கார்ந்து சக்கரங்களைக் கழற்றிப் பாருங்கள். உள்பக்க விளிம்பு மட்டும் சாய்வாகத் தேய்ந்திருக்கும். ஒவ்வொரு உந்தலிலும் கால் பக்கவாட்டில் சாய்ந்து தரையைத் தள்ளியதன் அடையாளம் அது. முதலாவதையும் மூன்றாவதையும், இரண்டாவதையும் நான்காவதையும் இடம் மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பூட்டுங்கள். சாய்ந்தும் வழுக்காமல் ஓட, மெர்லின் உடைத்த கண்ணாடியிலிருந்து இருநூறு ஆண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது. அந்த நீண்ட உழைப்பைத்தான் நாம் அந்த விளிம்பில் விரலால் தொட்டுப் பார்க்கிறோம்.