பசு-கன்றுப் பண்ணை (ஐக்கிய அமெரிக்கா)

பசு-கன்றுப் பண்ணை என்பது இறைச்சி இனப் பசுக்களை மேய்ச்சல் நிலத்தில் நிலையாக வைத்துப் பராமரித்து, அவை ஆண்டுதோறும் ஈனும் கன்றுகளை விற்று வருவாய் ஈட்டும் கால்நடைத் தொழில் ஆகும். இப்பண்ணைகளில் பால் கறக்கப்படுவதில்லை. பால் முழுவதும் கன்றுக்கே விடப்படுகிறது. கன்று ஆறு முதல் எட்டு மாதம் வரை தாயுடன் மேய்ந்து, பெரும்பாலும் 225 முதல் 275 கிலோகிராம் எடையை அடைந்ததும் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்படுகிறது. வாங்குபவர்கள் அதனைச் சில மாதங்கள் புல்லிலும், பின்னர் தானியத் தீவனக் கொட்டில்களிலும் வளர்த்து இறைச்சிக்கூடங்களுக்கு அனுப்புகின்றனர்.

ஆண்டு முழுவதும் செலவு செய்து, இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு நாள் பணம் பெறும் பண்ணையாளர்கள் பலர். எத்தனை பசுக்களை வைத்திருப்பது, அவை எந்த மாதத்தில் ஈன வேண்டும், இத்தொழில் கட்டுபடியாகுமா என்ற மூன்று கேள்விகளும் அவர்களிடையே தொடர்ந்து பேசப்படுபவை. உண்மையில் இவை ஒரே கேள்வியின் மூன்று பகுதிகளாகும்.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் மாடுகள் வேலியற்ற பொது நிலங்களில் மேய்ந்தன. குளிர்காலத்துக்கெனத் தீவனம் சேமிக்கும் வழக்கம் அரிதாகவே இருந்தது. 1874ஆம் ஆண்டில் யோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றதை அடுத்து நிலங்கள் வேலியிடப்படத் தொடங்கின. 1886-87 குளிர்காலத்தின் கடும் பனிப்புயல்களில் வடசமவெளியில் இலட்சக்கணக்கான மாடுகள் மடிந்தன. பின்னாளில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூசவெல்ட்டும் தக்கோட்டாவில் தம் மந்தையின் பாதிக்கு மேல் இழந்தார். அதன் பின்னரே கோடையில் புல்லை அறுத்து உலர்த்திச் சேமிப்பது பொது வழக்கமாயிற்று. இன்றும் இத்தொழிலின் மிகப் பெரிய செலவு தீவனமே. அதிலும் குளிர்கால உலர்புல்லின் பங்கு பெரிது.

மந்தையின் அளவு

மந்தையின் அளவை முதலில் தீர்மானிப்பது நிலமும் மழையும் ஆகும். மழை மிகுந்த கிழக்கு மாநிலங்களில் ஒரு பசுவுக்கும் அதன் கன்றுக்கும் சில ஏக்கர் புல்வெளி போதுமானது. வறண்ட மேற்கில் பல பத்து ஏக்கர் தேவைப்படும். இதை உணராத சட்டங்களால் பல குடும்பங்கள் துன்பப்பட்டன. 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் வழங்கியது. அது மேற்கு நெப்ராசுக்காவில் போதாது எனக் கண்டு, 1904ஆம் ஆண்டின் கிங்கெய்டு சட்டம் 640 ஏக்கராக உயர்த்தியது. ஒரு பசுவுக்கு 16 ஏக்கர் எனக் கணக்கிட்டால் 640 ஏக்கரில் 40 பசுக்களே மேய முடியும். குடியேறியவர்களில் பலர் நிலத்தை அண்டையிலிருந்த பெரும் பண்ணையாளர்களுக்கு விற்றுவிட்டு வெளியேறினர். நெப்ராசுக்காவின் மணற்குன்றுப் பகுதியில் இன்று காணப்படும் பரந்த பண்ணைகள் பல இவ்வாறு உருவானவை. அங்குள்ள செர்ரி மாவட்டம் நாட்டிலேயே மிகுதியான இறைச்சிப் பசுக்களைக் கொண்ட மாவட்டம் ஆகும்.

மேற்கு மாநிலங்களில் பலர் தம் சொந்த நிலத்துடன் கூட்டரசு நிலத்தையும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்துகின்றனர். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய்வதற்கான இக்கட்டணம் 2019 முதல் 2025 வரை 1.35 டாலராக இருந்தது. தனியார் நில வாடகையுடன் ஒப்பிட இது மிகக் குறைவு என்பதால் நெடுங்காலமாக விவாதத்துக்கு உள்ளாகி வருகிறது.

பெரும் பண்ணைகளே பலரும் அறிந்த காட்சியாயினும், சராசரி மந்தை சிறியது. 2022ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 6.2 இலட்சம் பண்ணைகளில் இறைச்சிப் பசுக்கள் இருந்தன. சராசரி மந்தை 47 பசுக்கள். நூறு பசுக்களுக்கு மேல் உள்ள பண்ணைகள் எண்ணிக்கையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே எனினும், நாட்டின் பசுக்களில் பாதிக்கு மேல் அவற்றிடமே உள்ளன.

ஒரு பண்ணையாளரிடம் "உங்களிடம் எத்தனை மாடுகள்?" என்று அயலார் கேட்பது அங்கு நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. அது வங்கி இருப்பைக் கேட்பதற்கு ஒப்பாகும். தமிழில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் இருப்பது இங்கு நினைக்கத்தக்கது. ஆங்கிலத்தில் மாடுகளைக் குறிக்கும் 'கேட்டில்', மூலதனத்தைக் குறிக்கும் 'கேப்பிட்டல்' ஆகிய சொற்களும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிறந்தவையே.

ஈனும் பருவம்

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாட்கள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமெனில், ஈன்ற 82 நாட்களுக்குள் பசு மீண்டும் சினையாக வேண்டும். ஈன்ற பின் கருப்பை சீரடைந்து பசு மீண்டும் பருவத்துக்கு வரவே பல வாரங்கள் ஆகும். மெலிந்த பசுவுக்கு இன்னும் கூடுதலாகும். ஆகவே ஈனும் நேரத்தில் பசுவின் உடல்நிலை முக்கியமானது. விலா எலும்பு, முதுகெலும்பு, வாலடி ஆகிய இடங்களில் உள்ள கொழுப்பைப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் இடும் முறை வழக்கில் உள்ளது. 5 அல்லது 6 பெறும் பசு விரைவில் சினைபிடிக்கும்.

பொலிகாளைகள் ஏறத்தாழ 25 பசுக்களுக்கு ஒன்று என்ற அளவில், 60 முதல் 90 நாட்களுக்கு மட்டும் மந்தையில் விடப்படுகின்றன. பசுவின் பருவச் சுழற்சி 21 நாட்கள் என்பதால், முதல் வாய்ப்பைத் தவறவிட்ட பசு அவ்வளவு நாட்கள் பிந்தி ஈனும். கன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.9 கிலோகிராம் எடை கூடுகிறது. எனவே இரு சுழற்சிகள், அதாவது 42 நாட்கள், பிந்திப் பிறந்த கன்று விற்பனை நாளில் ஏறக்குறைய 38 கிலோகிராம் குறைவாக இருக்கும். இலையுதிர் காலத்தில் கால்நடை மருத்துவர் சினைப் பரிசோதனை செய்வார். சினைபிடிக்காத பசு பெரும்பாலும் விற்கப்பட்டுவிடும். ஓராண்டு முழுவதும் தின்றுவிட்டுக் கன்று தராத பசுவை வைத்திருப்பதே இத்தொழிலில் மறைமுகமான பேரிழப்பு.

கிடாரிகள் பொதுவாக 24 மாத வயதில் முதல் கன்றை ஈனுகின்றன. அவற்றின் இடுப்பெலும்பு வழி குறுகலாக இருப்பதால் சிக்கல்கள் மிகுதி. பிறப்பு எடை குறைந்த கன்றுகளைத் தரும் பொலிகாளைகளே அவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஈனும் பருவத்தில் இரவு முழுவதும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கிடாரிகளைச் சென்று பார்ப்பது வழக்கம். பிறந்த கன்று எழுந்து முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். ஒரு நாள் கடந்தபின் அதிலுள்ள நோயெதிர்ப்புப் பொருட்களைக் கன்றின் குடல் உறிஞ்சுவதில்லை. உறைபனியில் நனைந்து நடுங்கும் கன்றுக்கு எழுந்து நிற்பதே கடினம் என்பதால், வீட்டின் குளியலறையிலும் வண்டியின் முன்னிருக்கையிலும் கன்றுகளைச் சூடேற்றிக் காப்பாற்றுவதுண்டு.

இரவுப் பணியைக் குறைக்க எளிய வழி ஒன்று கனடாவின் மானிட்டோபாவைச் சேர்ந்த பண்ணையாளர் கசு கோனெஃபல் பெயரால் அறியப்படுகிறது. சினைப் பசுக்களுக்கு மாலை மங்கும் நேரத்தில் மட்டும் தீவனமிட்டால், பெரும்பாலானவை பகலில் ஈனுகின்றன. மற்றொரு முறை 2000ஆம் ஆண்டையொட்டி நெப்ராசுக்காவில் உருவான மணற்குன்று ஈனல் முறை. இதில் ஈன்ற பசுக்களும் கன்றுகளும் அதே இடத்தில் விடப்பட்டு, இன்னும் ஈனாத பசுக்கள் வாரந்தோறும் புதிய மேய்ச்சல் நிலத்துக்கு நகர்த்தப்படுகின்றன. மூத்த கன்றுகளின் கிருமிகள் இளங்கன்றுகளை அடையாததால் கழிச்சல் நோய் வெகுவாகக் குறைகிறது. மருந்துச் செலவின்றி, மாடுகளை நகர்த்துவதாலேயே நோயைத் தடுப்பது இதன் சிறப்பு.

எந்த மாதத்தில் ஈனச் செய்வது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிறக்கும் கன்றுகள் இலையுதிர் காலத்தில் கனமாக இருக்கும். ஆனால் பாலூட்டும் பசுவுக்கு உலர்புல் மிகுதியாக வேண்டும். மே, சூன் மாதங்களில் ஈனும் பசுவுக்குப் பசும்புல்லே உணவாகும்; கன்றோ விற்பனையின்போது இலேசாக இருக்கும். காட்டு மான்கள் எப்பொழுது ஈனுகின்றனவோ அப்பொழுதே பசுவும் ஈனட்டும் என்பது பின்னவர்கள் வாதம்.

வரவும் செலவும்

ஒரு பசுவைப் பராமரிக்க ஆண்டுக்கு 1,000 டாலர் செலவாவதாக எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். நூறு பசுக்களில் 90 கன்றுகள் விற்பனைக்கு வந்தால் ஒரு கன்றின் அடக்கவிலை 1,111 டாலர். 80 கன்றுகளே வந்தால் அது 1,250 டாலர். கன்றின் எடை 250 கிலோகிராம் எனில், கிலோவுக்கு 4.44 டாலர் என்பது 5 டாலராக உயர்கிறது. இழவையும் மலட்டையும் குறைப்பது, பசுக்களைக் கூட்டுவதைக் காட்டிலும் முந்திய பணி என்பதை இக்கணக்கு காட்டும்.

எனினும் அளவும் ஒரு பொருட்டே. இழுவை எந்திரம், புல் கட்டும் எந்திரம் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஆகுமெனில், 40 பசுக்கள் உள்ள பண்ணையில் அது பசுவுக்கு 500 டாலர். 200 பசுக்கள் உள்ள பண்ணையில் 100 டாலர். சிறு பண்ணையாளர் சொந்தமாக எந்திரம் வாங்காமல் உலர்புல்லை விலைக்கு வாங்குவதே பெரும்பாலும் மேலானது.

அமெரிக்க வேளாண் துறையின் மதிப்பீடுகளில், பெரும்பாலான ஆண்டுகளில் கன்று விற்பனை வருவாய் நடப்புச் செலவை ஈடுகட்டுகிறது. சொந்த உழைப்பின் கூலியையும் நிலத்தின் வாடகை மதிப்பையும் சேர்த்தால் நட்டமே மிஞ்சுகிறது. பல குடும்பங்களில் ஒருவராவது வெளிவேலை பார்ப்பது இதனாலேயே. நட்டத்தை வேறு வருமானத்தில் கழித்துக்கொள்வோர், இது பொழுதுபோக்கு அன்று, தொழிலே என வரித்துறையிடம் நிறுவ வேண்டியிருக்கும். ஐந்தாண்டுகளில் மூன்று ஆண்டு இலாபம் காட்டினால் தொழிலாகவே கருதப்படும்.

விலை பண்ணையாளர் கையில் இல்லை. கொழுத்த மாடுகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை நான்கு நிறுவனங்களே வாங்கி அறுக்கின்றன. மேலும், விலை ஏறும்போது கிடாரிகள் விற்கப்படாமல் மந்தையில் நிறுத்தப்படுகின்றன. அதனால் சந்தைக்கு வரும் மாடுகள் குறைந்து விலை இன்னும் ஏறுகிறது. நிறுத்திய கிடாரியின் முதல் கன்று விற்பனைக்கு வர இரண்டாண்டுக்கு மேல் ஆகும். எல்லோருடைய கன்றுகளும் ஒன்றாக வரும்போது விலை சரிகிறது. ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை நிகழும் இது மாட்டுச் சுழற்சி எனப்படும். 2014ஆம் ஆண்டில் உச்ச விலையைக் கண்டு கடன் வாங்கிக் கிடாரிகளை வாங்கியவர்கள், 2016ஆம் ஆண்டுக்குள் பெரும் சரிவைச் சந்தித்தனர்.

1975ஆம் ஆண்டில் 13.2 கோடியாக இருந்த அமெரிக்க மாடுகளின் மொத்த எண்ணிக்கை, வறட்சியாலும் தீவனச் செலவாலும் மந்தைகள் விற்கப்பட்டதால் 2025 சனவரியில் 8.67 கோடியாக, 1951க்குப் பின் மிகக் குறைந்த அளவுக்கு வந்தது. அவ்வாண்டில் கன்று விலை முன்னெப்போதும் இல்லாத உயரத்தைத் தொட்டபோதும் பண்ணையாளர்கள் மந்தையைப் பெருக்க விரையவில்லை. உயர்ந்த வட்டியும் நில விலையும் இதற்குக் காரணங்கள். 2022 கணக்கெடுப்பில் உழவர்களின் சராசரி வயது 58.1 ஆக இருந்ததையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்: இன்று நிறுத்தும் கிடாரி தன் வளர்ப்புச் செலவை ஈடுகட்ட நான்கைந்து கன்றுகளாவது ஈன வேண்டும்.